கொல்லைக் கதவு

பனமலைக்கு அந்தப் பெயர் பனையால் வந்தது. குன்றின் மேல் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு தாளகிரீசுவரர் என்று பெயர். வடமொழியில் தாளம் என்றால் பனை, கிரி என்றால் மலை. 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயில் அது. சுவரில் அழிந்தது போக மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் கல்லும் ஏரியும் படும். எங்கள் கண்ணில் முதலில் படுவது பனைதான், ஏனென்றால் நாங்கள் அதன் அடியில் படுத்துத் தூங்கினோம். ஆயா வீட்டுக் கூரை பனையோலை. ஓலை போதாத வருடங்களில் கரும்புச் சோகை.

மண்சுவர் வீடு. தெருவில் நின்று பார்த்தால் வாசற்படி, கூடம், அடுப்பங்கரை, அதைத் தாண்டிக் கொல்லையில் நிற்கும் முருங்கைமரம் வரை ஒரே நேராகத் தெரியும். ஆயா விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்த பிறகுதான் தெருக்கதவைத் திறப்பார். பின்னால் மூதேவி போனால்தான் முன்னால் சீதேவி வருவாளாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் கதவைச் சாத்துவார். பூட்டிப் பார்த்ததில்லை, ஒரு மரத் தாழ்ப்பாள்தான். இடைப்பட்ட நேரம் முழுக்க அது திறந்தே கிடக்கும். பாத்திரம் விளக்க, விறகு எடுக்க, மாட்டுக்குக் கழுநீர் வைக்க, கோழியை விரட்ட என்று வீட்டுப் பெண்கள் தெருவாசலைவிட அதைத்தான் அதிகம் புழங்கினார்கள்.

ஒரு பங்குனி மாத இரவில் எங்கள் தெருவின் கோடி வீடு எரிந்தது. திண்ணையில் வைத்திருந்த சிம்னி விளக்கு சாய்ந்து முன்கூரை பற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய் நின்றபோது தெருவாசல் இருந்த இடத்தில் தீதான் நின்றது. உள்ளே ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். பெரியவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், யாரோ மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த நால்வரும் அடுத்த வீட்டுச் சந்து வழியாக எங்களுக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தார்கள். கடைக்குட்டி இன்னும் தூக்கத்தில் இருந்தது. "எப்படி வந்தோம்னே தெரியல" என்று அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். ஆயா அவர் தலையில் தண்ணீர் தெளித்தபடி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "தெனம் நூறு வாட்டி போற வழிதானே. கண்ண மூடிக்கினு கூடப் போவியே நீ."

அவர் அந்தப் பெண்ணை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். அதையே ஒரு ஆராய்ச்சி முடிவாக நான் படித்தது பல வருடங்கள் கழித்து.

1973 ஆகஸ்ட் 2 அன்று பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில் 'சம்மர்லேண்ட்' என்ற பெரிய கேளிக்கைக் கூடம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை ஜொனாதன் சைம் என்ற உளவியலாளர் ஒவ்வொன்றாக எடுத்து, யார் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று கணக்கிட்டார். ஒரு பகுதியில் அவசர வாசல் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதன் வழியாகப் போனார்கள். பார்வையாளர்களோ, குறிப்பாகப் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தவர்கள், தாங்கள் உள்ளே வந்த வாசலைத் தேடிப் போனார்கள். கூட்டம் என்றால் மிரண்ட மந்தை, ஆளை மிதித்துக்கொண்டு ஓடும் என்று அதுவரை எழுதி வந்தார்கள். சைம் கண்டது வேறு. ஆபத்தில் மனிதன் ஓடுவது தனக்குப் பழக்கமான ஆளை நோக்கி, பழக்கமான வழியை நோக்கி. பிரிந்து நிற்கும் பிள்ளையைத் தேடிக்கொண்டு தீயின் பக்கம் போகிறவர்களும் உண்டு. அது பீதி இல்லை, பாசம். கட்டடம் கட்டுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

2003 பிப்ரவரி 20 இரவில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசைக் கூடம் எரிந்தது. மேடையில் கொளுத்திய வாணவெடி, சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பற்றிக்கொண்டது. அந்தக் கூடத்துக்கு வாசல்கள் நான்கு. பெரும்பாலோர் திரும்பியது சீட்டு வாங்கி உள்ளே வந்த முன்வாசலுக்கே. தீ பற்றிய ஒன்றரை நிமிடத்தில் அந்த வாசல் மனிதர்களாலேயே அடைபட்டது. 100 பேர் இறந்தார்கள். அந்த ஒன்றரை நிமிடமும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, அதனால் விசாரணை செய்தவர்களால் நொடி நொடியாகக் கணக்கு எடுக்க முடிந்தது.

நம்மூர் சினிமாக் கொட்டகையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். டிக்கெட் கிழித்து உள்ளே விடுவது முன்பக்கம். படம் முடிந்து விளக்கு போட்டதும் பக்கச் சுவரில் உள்ள கதவுகளையெல்லாம் திறந்துவிடுவார்கள். கூட்டம் அந்த வழியாகச் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமோ சந்துக்கோ கொட்டும். அடுத்த காட்சிக்கு முன்னால் நிற்கிறவர்களோடு மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதனால் என்ன நடக்கிறது? ஊரே நாளுக்கு நான்கு காட்சி அவசர வழியில் நடந்து பழகுகிறது. பயிற்சி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. விழுப்புரத்தில் எத்தனையோ படம் பார்த்தவன் நான். எந்தப் படத்துக்கு எந்தக் கதவு வழியாக வெளியே வந்தேன் என்பது கதை மறந்த பிறகும் நினைவில் இருக்கிறது.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1997 ஜூன் 13. கீழ்த்தளத்து மின்மாற்றி எரிந்து, புகை மாடிப்படி வழியாக மேலேறி பால்கனிக்குள் புகுந்தது. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக பால்கனியின் ஒரு பக்க நடைவழியையும் வாசலையும் ஏற்கெனவே அடைத்துவிட்டிருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை.

*

கூரை வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தீயின் குணம் கொஞ்சம் தெரியும். அது மேல்நோக்கிப் போகிற ஜந்து. எரியும் காற்று சூடேறி, இலேசாகி, மேலே எழும்போது தனக்கு மேலே இருக்கும் ஓலையை முதலில் காய வைக்கிறது, பிறகு பற்றவைக்கிறது. சரிந்த கூரையில் அடியில் பற்றிய தீ முகட்டை எட்டுவது படியேறுவதுபோல இருக்காது, பாய்வதுபோல இருக்கும். முகட்டைத் தொட்டதும் இரண்டு பக்கமும் இறங்கும். ஓலையைக் கட்டியிருக்கும் கயிறும் பாளையும் எரிந்து போனால் கூரை துண்டு துண்டாக உள்ளே விழத் தொடங்கும். எவ்வளவு விரைந்து வந்தாலும் தீயணைப்பு வண்டி அதற்கு முன் வந்து சேராது. அந்த முதல் சில நிமிடங்கள் உள்ளே இருப்பவர்களுடையவை, வேறு யாரும் அதில் பங்குக்கு வர முடியாது.

காங்கிரீட் அறையில் கதை வேறு மாதிரி. புகை போக வழியில்லாமல் கூரையடியில் தேங்கும். மேலே சுடுபுகை, கீழே ஓரளவு நல்ல காற்று என்று அறை இரண்டு அடுக்காகப் பிரியும். நேரம் ஆக ஆக மேலடுக்கு தடித்துக்கொண்டே கீழே இறங்கும். தலையளவுக்கு வந்து, நெஞ்சளவுக்கு வந்து, பிறகு இடுப்பளவுக்கு. அந்தப் புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இலேசில் எழுந்திருக்காது. நடந்துகொண்டிருக்கும் ஆளுக்கு முதலில் தலை சுற்றும், புத்தி மழுங்கும், கால் துவளும். வாசலுக்கு இரண்டடி முன்னால் விழுந்து கிடந்தார் என்று செய்தித்தாளில் படிப்பதற்குக் காரணம் இதுதான்.

தரையில் பாய் விரித்துப் படுப்பவர் அந்த நேரத்தில் நல்ல காற்றில் இருக்கிறார். தூங்குகிறவரைப் புகையின் வாசனை பெரும்பாலும் எழுப்பாது, காதுதான் எழுப்பும். சத்தம் கேட்டு அவர் செய்கிற முதல் காரியம் பதறி எழுந்து நிற்பது. நின்றால் தலை மேலடுக்குக்குள் போய்விடுகிறது. அதனால்தான் தீயணைப்புக்காரர்கள் தவழச் சொல்கிறார்கள்.

தவழ்தல் என்றதும் எனக்குப் பனமலைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மனின் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் நினைவுக்கு வருகிறது. அங்கே கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை. குழந்தைபோலத் தவழ்ந்து ஒரு துளைக்குள் போய், வலம் வந்து, இன்னொரு துளை வழியாக வெளியே வர வேண்டும். மறுபிறப்பு என்று குருக்கள் சொல்வார். நான் போனபோது எனக்கு முன்னால் போன ஒரு பெரியவர் நடுவில் சிக்கிக்கொண்டார். பின்னாலிருந்தவர்கள் "தள்ளுங்க, தள்ளுங்க" என்றார்கள். குருக்கள்தான் அவர்களை அதட்டி நிறுத்தினார். பின்னால் அழுத்தம் குறைந்ததும் பெரியவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு தானாக வெளியே போனார்.

குருக்கள் செய்தது சரி. ஏன் சரி என்பதை ஆயா வீட்டு நெற்குதிரை வைத்துச் சொல்கிறேன்.

ஆள் உயரத்துக்கு மண்ணால் வனைந்த நெற்குதிர். அடியில் ஒரு துளை, அதில் துணிச்சுருள் அடைப்பு. அடைப்பை எடுத்தால் நெல் சரசரவென்று மரக்காலில் விழும். குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் அடித்துளையில் வேகமாகப் பீச்சும், குறையக் குறைய வேகம் குறையும். நெல் அப்படி இல்லை. குதிர் நிரம்பியிருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அது விழுகிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே உள்ள நெல்லின் பாரம் முழுவதும் அடிக்கு வந்து சேருவதில்லை. மணிகள் ஒன்றோடொன்று உரசி, பாரத்தைப் பக்கச் சுவர்களில் சாய்த்துவிடுகின்றன. தானியக் கிடங்குகளை ஆராய்ந்த ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1895ல் இதைச் சமன்பாடாக எழுதினார். மணற்கடிகையை நம்பி நேரம் பார்க்க முடிந்தது அந்த மாறாத வேகத்தால்தான்.

சில நேரம் நெல் விழுவது சட்டென்று நின்றுவிடும். துளை திறந்துதான் இருக்கும், உள்ளே நெல்லும் இருக்கும், ஆனாலும் விழாது. நெல்மணிகள் துளைக்கு மேலே ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து ஒரு வளைவு கட்டிக்கொண்டிருக்கும். கல் வளைவு எப்படித் தன் மேல் உள்ள பாரத்தாலேயே உறுதியாகிறதோ அப்படித்தான் இதுவும். மேலே அழுத்த அழுத்த இறுகும். ஆயா குதிரின் வயிற்றில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார், வளைவு உடைந்து நெல் மறுபடி கொட்டும்.

வாசலில் மோதும் கூட்டமும் இதே வளைவைத்தான் கட்டுகிறது. ஹெல்பிங், ஃபர்காஸ், விக்செக் என்ற மூவர் 2000ல் 'நேச்சர்' இதழில் இதைக் கணினியில் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு ஆளும் போக நினைக்கும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லை வரை கூட்டம் சீக்கிரம் வெளியேறுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் தோளும் தோளும் உரசி வளைவு உருவாகி, எல்லோரும் விரைய விரைய எல்லோருக்கும் தாமதமாகிறது. ஸ்பெயினில் நவார்ரா பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதை ஆட்டுப்பட்டியில் பார்த்தார்கள். தீனிக்காகக் குறுகிய கதவு வழியே முண்டும் ஆடுகளைப் படம் பிடித்து, கதவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு தடுப்பு நட்டால் அடைப்பு குறைகிறது என்று கண்டார்கள். தடுப்பு பின்பக்க நெருக்கலைத் தாங்கிக்கொள்கிறது. மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகளில் இந்த வித்தை அதே மாதிரி பலிக்கவில்லை. ஆட்டுக்கிடை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை, பட்டியைத் திறப்பவர் படலுக்கு நேரே தன் காலை ஊன்றி நின்றுகொண்டுதான் ஆடுகளை விடுவார்.

நிதானமாக நடந்தால் ஒரு மீட்டர் அகலமுள்ள வாசலில் நிமிடத்துக்கு 80 பேர் அளவுக்குப் போக முடியும். 800 பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரே வாசல் என்றால் பத்து நிமிடம். அதுபோல நான்கு வாசல் இருந்து, நான்கையும் கூட்டம் பயன்படுத்தினால் இரண்டரை நிமிடம்.

இந்த இரண்டரை நிமிடத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1911 மே 9, எடின்பரோ நகரின் எம்பயர் பேலஸ் அரங்கம். 'கிரேட் லஃபாயெட்' என்ற மந்திரவாதியின் நிகழ்ச்சி. ஏறக்குறைய 3,000 பேர். கடைசிக் காட்சியில் மேடை தீப்பிடித்தது. தீயும் வித்தையின் பகுதி என்று ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரும்புத்திரை இறங்கியது. வாத்தியக் குழு அந்நாட்டின் அரசர் வாழ்த்துப் பாடலை வாசிக்கத் தொடங்கியது. பாட்டைக் கேட்டால் எழுந்து நிற்பது அங்கே பழக்கம், அது முடிந்தால் வீட்டுக்குப் போவதும் பழக்கம். எழுந்தார்கள், வெளியே நடந்தார்கள். பாட்டு முடிவதற்குள், இரண்டரை நிமிடத்தில், பார்வையாளர்கள் அத்தனை பேரும் வெளியே. லஃபாயெட்டும் மேடைக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலரும் தப்பவில்லை. பிற்காலத்தில் பிரிட்டனின் தீப் பாதுகாப்பு விதிகள் ஒரு கூடம் இரண்டரை நிமிடத்தில் காலியாக வேண்டும் என்று அளவு வைத்ததற்கு இந்த இரவும் ஒரு வேர்.

*

பள்ளிகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெரு. ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் தொடக்கப்பள்ளி இருந்த கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. சத்துணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ அதன் கீற்றுக் கூரையைப் பற்றி, அங்கிருந்து மாடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. இறங்க இருந்தது குறுகலான ஒரு படிக்கட்டு. எரியும் கூரை பிள்ளைகள் மேலேயே சரிந்தது. 94 குழந்தைகள்.

இரண்டாவது வழி அங்கே இருந்து பூட்டப்பட்டிருந்தால் பூட்டியவரைக் கேட்கலாம். அங்கே இரண்டாவது வழி என்ற நினைப்பே இல்லாமல் கொட்டகை போடப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாடி, கீற்று, குறுகிய படி. மூன்றும் அப்படியே இருந்தன. செய்தி நாடு முழுக்கப் போயிருந்தது, யாரும் தங்கள் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அந்த ஆறு மாதத்தின் மேல் இன்றும் கோபம் தீரவில்லை.

அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்தத் தீயை முன்னிட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை என்று சொல்லி நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தீப் பாதுகாப்பை வலியுறுத்தியது. கும்பகோணத்துப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் இன்று முப்பது வயதை ஒட்டி இருப்பார்கள்.

பிள்ளைகளின் சாவிலிருந்து வந்த ஒரு பொருள் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரம், 1883 ஜூன் 16. விக்டோரியா அரங்கில் குழந்தைகளுக்கான வித்தைக் காட்சி. முடிவில் மேடையில் பொம்மை தருகிறார்கள் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காதோ என்று படியில் இறங்கி ஓடினார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. சீட்டைச் சரிபார்க்க ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. முன்னால் நின்றுவிட்டது பின்னால் தெரியவில்லை, அவ்வளவுதான். 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்குப் பிறகு பொது அரங்குகளின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது பேச்சானது, சட்டமானது. ராபர்ட் பிரிக்ஸ் என்ற இளைஞர் ஒரு தாழ்ப்பாளைச் செய்து 1892ல் காப்புரிமை பெற்றார். கதவின் குறுக்கே இடுப்புயரத்தில் ஒரு நீள உருளை. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. உள்ளேயிருந்து உடம்பு பட்டால் போதும், தாழ் விலகிக் கதவு திறந்துகொள்ளும். கைகூடத் தேவையில்லை, கூட்டத்தின் நெருக்கலே சாவி. பெரிய கடைகளிலும் மருத்துவமனைகளிலும் இதை நாம் தினமும் கடந்துபோகிறோம்.

நம் வீட்டுக் கதவு உள்பக்கமாகத் திறப்பதில் தப்பில்லை. நாலைந்து பேர் புழங்கும் இடத்தில் பின்னால் நெருக்க ஆள் இல்லை. ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது அதே கதவு சுவராகிவிடுகிறது.

*

திருடனுக்கும் தீக்கும் நடுவில்தான் நம் வீடுகள் இன்று மாட்டிக்கொண்டிருக்கின்றன. காங்கிரீட் வீடு வந்தபோது ஜன்னலுக்குக் கம்பி வந்தது, பால்கனிக்குக் கிரில் வந்தது, வாசலில் மடக்குக் கதவு வந்தது. இரவில் பூட்டைப் போட்டு, சாவியைத் திருடன் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறோம். மின்சாரம் போன இருட்டில், புகையில், அது நம் கண்ணிலும் படாது. கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் சாவியை மாட்டி வைக்கிற வீட்டுக்காரர்களை எனக்குப் பிடிக்கும். ஜன்னல் கிரில் ஒன்றிலாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி செய்யச் சொன்னால் வெல்டிங் பட்டறைக்காரர் செய்துகொடுப்பார், கொஞ்சம் கூலி சேரும். ரயில்வே இதை முன்பே செய்துவிட்டது. தூங்கும் வசதிப் பெட்டியில் சில ஜன்னல்களின் கம்பி மட்டும் சிவப்புப் பூச்சோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கம்பிச் சட்டத்தைத் தூக்கினால் ஆள் வெளியே போக வழி.

பூட்டின் கடைசி எல்லை எது என்று கேட்டால் ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். வாசல் எத்தனை இருந்து என்ன.

விழுப்புரம் கோட்டத்துப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் 'அவசர வழி' என்ற சிவப்பு எழுத்தைப் படித்தபடிதான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். வலப்பக்கத்திலோ பின்புறத்திலோ இருக்கும். அதைத் திறந்து பார்த்த பயணி எத்தனை பேர்? அதன் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் நமக்குத் தெரியாது. அரசுப் பேருந்திலாவது ஜன்னல் கண்ணாடியைத் தள்ளலாம். குளிர்சாதனப் பேருந்தில் கண்ணாடி நிலையாகப் பதிந்தது, உடைக்க ஒரு சுத்தியல் மாட்டியிருக்கும். 2013 அக்டோபர் 30 விடியற்காலையில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன ஒரு பேருந்து பாலெம் அருகே எரிந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள்.

ஓடும் பச்சை மனிதனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972ல் ஒசாகாவில் ஒரு பல்லங்காடிக் கட்டடம் எரிந்து 118 பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டு குமாமோட்டோவில் ஒரு பெரிய கடை எரிந்தது. வெளியேறும் வழியை எழுத்தில் எழுதி வைத்தால் புகையில் யார் நின்று படிப்பார்கள் என்று ஜப்பானில் யோசித்தார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் கையில் அந்த ஓடும் உருவம் முழுமை பெற்றது. 1985ல் அது உலகத் தரச் சின்னமாக ஏற்கப்பட்டது. இன்று சென்னை விமான நிலையத்திலும் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலும் அவன் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் ஓட்டத்தில் பதற்றம் இல்லை என்பதைக் கவனியுங்கள், எட்டு வைத்துப் போகிற ஆள்.

ஏன் பச்சை? அந்தி நேரத்தில் கொல்லையில் நின்று செம்பருத்திச் செடியைப் பாருங்கள். பகலில் கண்ணைப் பறித்த பூ, வெளிச்சம் மங்க மங்கக் கறுத்துப் போகும். இலைகளோ பூவைவிட வெளிச்சமாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 1819ல் விடியற்காலைப் பூக்களைப் பார்த்து இதைக் கண்டுகொண்டார். நம் கண்ணில் பகலில் வேலை செய்யும் கூம்புச் செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் பச்சைக்கு அதிகம் கூர்மையானவை. இருட்டில் பொறுப்பேற்கும் குச்சிச் செல்களின் கூர்மை 507 நானோமீட்டரை ஒட்டி, நீலம் கலந்த பச்சைக்கு நகர்கிறது. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. மின்சாரம் போன கூடத்தில் அந்தப் பச்சை கண்ணில் தங்குவதற்கு இதுவே காரணம். தீயின் செந்நிறத்திலிருந்தும் அது தனித்து நிற்கும்.

ஆனாலும் பச்சை மனிதன் காட்டுகிற திசையில் ஒருமுறையாவது நடந்து பார்த்திருந்தால்தான் கால் அந்தப் பக்கம் திரும்பும் என்று சம்மர்லேண்ட் சொல்கிறது. ஏப்ரல் 14 தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. தீயணைப்பு நிலையத்திலிருந்து பள்ளிகளுக்கு வந்து மணல் வாளி, நுரைக் கருவி எல்லாம் காட்டுவார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அதைவிட எனக்கு ஆசையானது ஒன்று உண்டு. வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமையே இருக்கட்டும், கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் முன்படியை விட்டுப் பின்படி வழியாக வீட்டுக்குப் போகட்டும். இதற்குக் கருவி வேண்டாம், அரசாணை வேண்டாம். பின்படியில் அடுக்கியிருக்கும் உடைந்த பெஞ்சுகளை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஆயா வீடு இருந்த இடத்தில் பெரியப்பா மகன் காங்கிரீட் வீடு கட்டிப் பத்து வருடமாகிறது. தெருவில் நின்று பார்த்தால் இப்போது கூடத்துச் சுவர்தான் தெரிகிறது. கொல்லைக் கதவு இருக்கிறது, அடுப்பங்கரையை ஒட்டி. அதன் முன்னால் ஒன்பது நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, மேலே கிரைண்டர் அட்டைப்பெட்டி. அண்ணியிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் யாரு போறாங்க தம்பி? குழாய், பாத்ரூம் எல்லாம் உள்ளயே வந்துடுச்சு."

நான் கும்பகோணத்தைச் சொல்லவில்லை. கோடி வீடு எரிந்த இரவைச் சொன்னேன். அந்த அக்காவின் கடைக்குட்டி இப்போது அண்ணியோடு நூறுநாள் வேலைக்குப் போகிறது. அண்ணி மூட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். மூவருமாக இழுத்துக் கூடத்துக்கு மாற்றினோம். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது, தேங்காயெண்ணெய் விட்டுத் தட்ட வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் முருங்கைமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நேரே அடுப்பங்கரைக்குள் வந்தது.

சாயங்காலம் அண்ணி பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போய் வெளியில் உட்கார்ந்து விளக்கினார். தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினார்.